கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நன்னிலத்துக்கும் திருநள்ளாற்றுக்கும் நடுவில் உங்கள் ஊர். முச்சந்தியில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் தூண், அதில் பதித்த பளிங்குப் பலகை. முதல் உலகப் போருக்கு ஊரிலிருந்து போனவர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. சாலை போட்டுப் போட்டு அடிப்பக்கம் புதைந்துவிட்டது. தலையில் அரசங்கன்று. பலகை மேல் இரண்டு கட்சியின் நிறம். வருகிற பொங்கலுக்குள் அதைச் சீர்செய்து, ஊரில் இருக்கிற முன்னாள் ராணுவத்தார் எல்லாருக்கும் அங்கேயே மரியாதை செய்ய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைல்ஸ் வேண்டாம். மீதியைச் சொல்கிறேன்.

நான் பெங்களூரில் இருக்கிற மதராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியாளர் படை) 22 வருஷம் இருந்துவிட்டு நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவன். எங்கள் படை ஆட்களை ராணுவத்தில் எல்லாரும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் உங்களையும் தம்பி என்றே எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு பலகை உண்டு. அதைச் சரிசெய்யப் போய் நாங்கள் இரண்டு தப்பு செய்தோம். ஒன்று கல்லில், ஒன்று ஆட்கள் விஷயத்தில். இரண்டாவதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் பலகையில் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். “இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்” என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. பல ஊர்களில் இதே வாசகம்தான், எண்ணை மட்டும் மாற்றி வெட்டியிருப்பார்கள். நகரத்துக்கு வைத்ததைப் பார்க்க வேண்டுமானால் திருச்சி காந்தி மார்க்கெட் முன்னால் நிற்கிற நினைவுத்தூணை ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்னொன்று: 1919 என்பதைப் பார்த்துவிட்டு, போர் 1918-லேயே முடிந்ததே, தப்பாக வெட்டிவிட்டான் என்று யாராவது திருத்தக் கிளம்புவார்கள். எங்கள் ஊரில் ஒரு ஆசிரியரே கிளம்பினார். சண்டை நின்றது 1918 நவம்பர் 11. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. கல்லில் இருப்பது சரிதான், கை வைக்காதீர்கள்.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் இன்னும் நம் வாயில் இருக்கிறது, ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோம். நம் ஊரிலிருந்து போனவன் பெயர் நமக்குத் தெரியாது. பலகையிலும் கிடையாது, வெறும் எண்ணிக்கைதான்.

இது உங்கள் ஊர்ப் பலகையின் குறை மட்டும் இல்லை. பஸ்ராவில் 40,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்காக வைத்த நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெயரையும் இந்திய அதிகாரிகள் பெயரையும் வெட்டிவிட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும் போட்டார்கள். நினைவுச் சின்னங்களில் இப்படி ஆளுக்கு ஆள் பாகுபாடு காட்டப்பட்டதை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆகவே நீங்கள் செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் பெயர்களைத் தேடுங்கள். தூண் நூறு வருஷம் நின்றுவிட்டது, இன்னும் ஒரு வருஷம் நிற்கும். விவரம் தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் அவ்வளவு நாள் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.

எங்கே தேடுவது? முதலில் அந்த ஆணையத்தின் இணையதளம். பெயர் தெரியாமலே தேடலாம். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஆனால் இன்றைய எழுத்தில் போட்டால் ஒன்றும் வராது. தஞ்சாவூருக்கு ‘டாஞ்சூர்’, நாகப்பட்டினத்துக்கு ‘நெகபட்டம்’, மயிலாடுதுறைக்கு ‘மாயவரம்’, திருச்சிக்கு ‘டிரிச்சினாப்பள்ளி’ என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் போட வேண்டும். சின்ன ஊர்ப் பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் தாலுகா பெயரை வைத்துத் தேடி, வருகிற பட்டியலை நிதானமாக வாசியுங்கள். பல பதிவுகளில் ‘இன்னார் மகன், இந்த ஊர், இந்தத் தாலுகா’ என்று இருக்கும். சாப்பர்ஸ், பாதை வெட்டிய பயனியர்ஸ், லேபர் கோர் என்ற கூலிப்படை (கூலி வேலைக்குப் போனவர்கள்), காயம்பட்டவர்களை டோலியில் சுமந்த படை இவற்றை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஆள் துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததும் டோலி தூக்கியதும் அதிகம். இரண்டாம் உலகப் போருக்கு ரங்கூன் பக்கம் தௌக்யான் நினைவுச் சின்னத்தையும் சிங்கப்பூர் கிராஞ்சியையும் பாருங்கள். தௌக்யானில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: அந்த ஆணையம் பார்த்துக்கொள்வது கல்லறைகளையும், கல்லறை இல்லாமல் போனவர்களுக்கான பெரிய நினைவுச் சின்னங்களையும்தான். உங்கள் முச்சந்தித் தூண் அவர்கள் கணக்கில் வராது. பணம் கேட்டு எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

அடுத்து வீடுகள். ‘பட்டாளத்தார் வீடு’ என்று பெயர் நிலைத்த வீடு எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் உலகப் போர் மெடல் கிடைத்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஆளின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொறித்திருக்கும். இறந்தவர் வீட்டுக்கு உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வில்லை ஒன்று அனுப்பினார்கள், அதில் பெயர் புடைப்பாக இருக்கும். ஒரே போருக்குக் கொடுத்த மெடலிலேயே சிப்பாய்க்கு வெள்ளி, கூலிப்படைக்கு வெண்கலம் என்று பிரித்தார்கள். வெள்ளி மெடலில் பாதி அந்தந்த வீட்டுப் பெண் குழந்தைகளின் கொலுசாகியிருக்கும் என்பது என் கணக்கு. வெண்கலத்தை உருக்கி யாருக்கும் லாபம் இல்லை, அதனால் அது அப்படியே கிடக்கும். தேடினால் கூலிப்படையில் போனவர் பெயர்தான் முதலில் கிடைக்கும்.

எங்கள் ஊரில் நடந்தது அதுதான். பட்டியலை நாங்கள் கோயில் தெருவில் உட்கார்ந்து தயார் செய்தோம். ஐந்து பெயர் கிடைத்தது, பெருமையாகக் கருங்கல்லில் வெட்டி வைத்தோம். வைத்த மூன்றாம் மாதம் காலனியிலிருந்து ஒரு பாட்டி முந்தானையில் முடிந்த வெண்கல மெடலோடு வந்தார். “எங்க தாத்தா பேரு இதுல இருக்கான்னு பாரு சாமி” என்றார். மெடலில் இருந்தது, எங்கள் கல்லில் இல்லை. பழைய மதராஸ் ராணுவத்தில், சாப்பர்ஸில் இன்னும் கூடுதலாக, ஆதிதிராவிடர்கள் கணிசமாக இருந்தார்கள். 22 வருஷம் அதே படையில் இருந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்தப் பக்கம் நான் கேட்கப் போகவில்லை. கல்லைக் கழற்றிவிட்டு, எல்லாத் தெருவும் ஏறி இறங்கி, புதுக் கல் வெட்டினோம். அதில் பெயர் ஒன்பது. பழைய கல் என் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கக் கிடக்கிறது.

அதனால் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். பெயர், தந்தை பெயர், படைப்பிரிவு, தெரிந்தால் வருஷம், அவ்வளவு போதும். பழைய ஆவணத்தில் பெயரோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடலாம். பதவி வரிசையும் வேண்டாம்.

உங்கள் ஊர் காரைக்கால் எல்லையில் இருப்பதால் இன்னொரு கிளையும் உண்டு. அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் ‘சொல்தா’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்தப் பக்கம் 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. பிரான்சுக்காக இறந்தவர்களின் அட்டைகளை அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகம் ‘மெம்வார் தேஸோம்’ என்ற இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, அதிலும் தேடுங்கள். ஒரே குடும்பத்தில் ஒரு மாமன் பிரெஞ்சுக் கொடிக்குக் கீழேயும் இன்னொருவர் ஆங்கிலேயர் கொடிக்குக் கீழேயும் நின்றிருக்கலாம்.

மூன்றாவது கொடியும் வரும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர்களின் பிள்ளைகள் நேதாஜி படையில் சேர்ந்தார்கள். சிலர் ஊர் திரும்பித் தியாகி பென்ஷன் வாங்கினார்கள். அதே தெருவில் ஆங்கிலேயர் படையில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டவரும் இருப்பார். இருவரையும் ஒரே கல்லில் போடலாமா என்று கேட்டால், போடலாம் என்பேன். அந்த இரண்டு கிழவர்களும் ஒரே டீக்கடை பெஞ்சில்தானே உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரன் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்தவர்கள் விஷயம் வேறு. 1942, 43-ல் அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை. ஆனால் டெல்டாவில் எத்தனையோ வீட்டில் ‘மலாயாவில் காணாமல் போனார்’ என்பதற்கு அர்த்தம் அதுதான். கல்லின் அடியில் அவர்களுக்குத் தனியாக ஒரு வரி வெட்டுங்கள்.

சரி, கல் வேலைக்கு வருகிறேன். எங்கள் முதல் தப்பு ஆசிட். பெயிண்டைக் கழுவ ஒருவர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினார், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பளிங்கு என்பது அடிப்படையில் சுண்ணாம்புச் சத்துதான், ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். இரண்டு எழுத்து முனை மழுங்கிப் போனது. எலுமிச்சைச் சாறு, புளி கூட வேண்டாம். மணல் பீய்ச்சுவது, கிரைண்டர், கம்பிப் பிரஷ் எல்லாம் கூடாது. பெயிண்ட் ரிமூவரை ஓர் ஓரத்தில் கைக்குட்டை அளவுக்குத் தடவிப் பார்த்து, ஊறியதும் மரச் சீவலாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மெல்ல வழித்து, சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். எழுத்துப் பள்ளத்தில் ஈயமோ கறுப்பு நிரப்பமோ மிச்சம் இருந்தால் அதைத் தோண்ட வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ராத்திரி இருட்டில் பலகையின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கல்வெட்டுக்காரர்களின் மைப்படி முறை (ஈரத் தாளை ஒட்டி மை தட்டிப் படி எடுப்பது) கருங்கல்லுக்குச் சரி, பொரிந்துபோன பளிங்கில் மை இறங்கிவிடும்.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேரோடு பத்துச் செங்கல்லும் வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் காய்ந்த பிறகு அந்தச் சந்துகளில் சுண்ணாம்புக் கூழ் ஊற்ற வேண்டும். தூண் சுண்ணாம்பில் கட்டியது, அதன் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறுகிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை உள்ளேயே பொடியாக்கும். உங்கள் பக்கம் கடற்காற்றும் நிலத்தடி உப்பும் வேறு. டைல்ஸ் வேண்டாம் என்று சொன்னதும் இதற்குத்தான் (பார்க்கக் குளியலறை மாதிரி இருக்கும் என்பது இரண்டாவது காரணம்). நீற்றி நாள்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். கோயில் திருப்பணி செய்கிற கொத்தனார் யாரையாவது பிடித்தால் இதையெல்லாம் நீங்கள் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

புதைந்த அடிப்பக்கத்துக்குச் சுற்றிலும் பள்ளம் தோண்டலாம் என்று சிலர் சொல்வார்கள். மேட்டு ஊருக்கு அது சரி. டெல்டாவில் பள்ளம் என்றால் குட்டை. ஐப்பசியில் தூண் தண்ணீரில் நிற்கும். செங்கல் வரிசைக்கு எண் போட்டு, படம் எடுத்து, பிரித்து, அதே இடத்தில் மேடை உயர்த்தி, அதே வரிசையில் திரும்பக் கட்டுவதுதான் நல்லது. இவ்வளவையும் மார்கழி ஈரத்தில் செய்ய முடியாது, சுண்ணாம்பு இறுகாது. கத்திரி வெயிலில் செய்தால் வெடிக்கும். சம்பா அறுப்பு முடிந்து, மாசியும் பங்குனியும் இதற்கு ஏற்ற மாதங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் மேடை காய்ந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் கெடுவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருகிற பொங்கலுக்கு ஆட்களுக்கு மரியாதை. கல்லுக்கு அதற்கடுத்த பொங்கல்.

பெயர்க் கல்லைப் பழைய பலகை மேல் ஒட்டாமல் பக்கத்தில் தனியாக நிறுத்துங்கள். சுவாமிமலையில் வெண்கலத் தகடு வார்க்கலாம் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. காவிரி வண்டலில் அச்செடுத்து வார்த்த தகடு அழகாகத்தான் இருக்கும், ஆனால் முச்சந்தியில் எத்தனை நாள் இருக்கும்? பழைய இரும்புக் கடைக்குப் போகாத பொருள் கருங்கல்தான். அப்புறம் உபயம். டியூப் லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர் நம் ஊர். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஊராட்சி அலுவலகத்தில் போர்டாக மாட்டுங்கள், தூணில் வேண்டவே வேண்டாம். இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள், பணம் வசூலித்த பிறகு பேச முடியாது.

அனுமதி: வி.ஏ.ஓ.விடம் புல எண்ணைக் கேட்டு, இடம் ஊராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பாருங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 எல்லாமே கைக்கெட்டும் தேதிகள். பொது வழியில் புதுச் சிலைகள் வைப்பதற்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டிருப்பதால், தீர்மானத்தில் ‘புதிதாக அமைத்தல்’ என்ற சொல்லே வரக் கூடாது. ‘ஏற்கெனவே உள்ள நினைவுத்தூணைப் பழுதுபார்த்தல்’ என்றே எழுதுங்கள்.

இனி உயிரோடு இருப்பவர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உங்கள் ஊர்ப் பட்டியலைக் கேளுங்கள். விதவைகள் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள், அவர்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். விழாவுக்கு முன்னால் இரண்டு பேர் லேப்டாப்போடு வீடு வீடாகப் போக வேண்டும். ராணுவ பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்குள் போய்விட்டது. வருஷா வருஷம் உயிர்ச்சான்று பதியாவிட்டால் பணம் நிற்கும். பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருக்கும், அவர் போன பிறகு அந்த அம்மா அலைவார். 80 வயதுக்காரருக்குச் சால்வை போர்த்துவதற்கு முன்னால் அதைச் சரிசெய்து கொடுங்கள். இலங்கைக்கு அமைதிப்படையில் போய் வந்தவர் யாராவது இருந்தால் அவரை மேடையில் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். 1990 மார்ச்சில் அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஊரிலும் பலரால் வாய் திறந்து பேச முடிந்ததில்லை. பெயரை மட்டும் மற்றவர்கள் பெயரோடு சேர்த்து வாசியுங்கள்.

நாள் எது? நவம்பர் 11 நமக்கு அடைமழை. டிசம்பர் 7 கொடிநாளுக்கும் மழை நிச்சயம் சொல்ல முடியாது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-ல் அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார். நமக்கோ அது போகி அல்லது பொங்கல், வீட்டுப் பெண்கள் உங்களை விளக்குமாற்றோடு வரவேற்பார்கள். நாங்கள் காணும் பொங்கல் காலையில் வைத்துக்கொள்கிறோம். திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடியுங்கள், கிழவர்களுக்கு நாற்காலி நிழலில் இருக்கட்டும், எந்தத் தலைவருக்காகவும் காத்திருக்க வேண்டாம். திறப்புவிழா என்று தேசியக் கொடியைக் கல் மேல் போர்த்தி இழுக்காதீர்கள், கொடி விதிகளில் அதற்குத் தடை இருக்கிறது. ஒரு வெள்ளைத் துணி போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். பெயர் வெட்டிய கல் என்று தெரிந்ததும் யாராவது மஞ்சள் பூசுவார்கள், எண்ணெய் விளக்கு வைப்பார்கள். கல் நட்டுப் படையல் போட்ட வழக்கம் நமக்குத் தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது, கமிட்டி போட்டு அதை நிறுத்த முடியாது. ஆனால் பளிங்கில் எண்ணெய் இறங்கினால் போகாது. எங்கள் ஊரில் இரண்டு முழம் தள்ளி ஒரு விளக்கு மாடம் கட்டிவிட்டோம். மெடல் கொண்டுவந்த பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் அதில் அகல் வைக்கிறார். பட்டியலில் இருக்கிற ஒரு மரைக்காயர் வீட்டுப் பேரன் மாடத்துக்கு மேலே சோலார் விளக்கு ஒன்று மாட்டிவிட்டான்.

பலகையின் நீள அகலமும், டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் இரண்டும் அனுப்புங்கள், எழுத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாரையும் ஆசிட் பாட்டிலோடு அந்தப் பக்கம் விடாதீர்கள்.